க்ளவுன் மீன் மேல் வெள்ளைப் படலம், மூச்சு வாங்குகிறது – காப்பர் போடலாமா?

அலைநுரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

டேங்க் 200 லிட்டர், கடல்நீர். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடல் கல்), அடியில் கொஞ்சம் மணல், ஜோவாந்திட் என்ற பவளம் போன்ற உயிர் இரண்டு மூன்று கொத்து, ஒரு க்ளீனர் இறால், நத்தைகள். மீன் என்று பார்த்தால் ஒரு ராயல் கிராமா, ஒரு வாட்ச்மேன் கோபி. இரண்டும் ரொம்ப நாளாக நன்றாக இருக்கின்றன. போன வாரம் ஆசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி ஒன்று வந்தது, நேராக இதே டேங்கில் விட்டேன்.

முதல் சில நாள் நன்றாகச் சாப்பிட்டன. நேற்றிலிருந்து பெரியது பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) வாயிலேயே நிற்கிறது. தீனியை வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. உடம்பில் ஆரஞ்சு நிறம் மங்கி, மேலே வெள்ளையாக ஏதோ பூத்த மாதிரி தெரிகிறது. சின்னது பரவாயில்லை, ஆனால் அதுவும் கொஞ்சம் ஒதுங்கியே இருக்கிறது.

உப்பு (அடர்த்தி எண்) 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10, பி.எச். 8.1. தண்ணீரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

கையில் ஒரு பாட்டில் காப்பர் மருந்து இருக்கிறது. இதை டேங்கிலேயே ஊற்றலாமா, இல்லை மீனைப் பிடித்துத் தனியாகப் போட வேண்டுமா? இன்றைக்கு ராத்திரியே ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றுகிறது.


ரீஃப்பிரியன் எழுதியது:

ஐக்தான் ப்ரோ, வெள்ளைப்புள்ளி நோய், பயப்படாதீங்க. ஹீட்டரை 30-க்கு ஏற்றுங்கள், தீனியைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துக் கொடுங்கள். க்ளீனர் இறால் இருக்கிறதே, அது மிச்சத்தைக் கொத்தி எடுத்துவிடும். எனக்கு நாலைந்து நாளில் புள்ளியெல்லாம் போய்விட்டது.


உப்புக்காற்று எழுதியது:

அலைநுரை, காப்பர் பாட்டிலை மூடி வையுங்கள். ஹீட்டரையும் தொடாதீர்கள்.

மெயின் டேங்கில் காப்பர் ஊற்றினால் முதலில் போவது இறாலும் நத்தையும், அடுத்தது ஜோவாந்திட். போதாததற்கு ராக்கும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அளவு ஒரு இடத்தில் நிற்காது, கிருமியைக் கொல்லும் அளவுக்கும் போகாது. அப்புறம் அந்த ராக்கை நம்பி இன்னொரு இறாலை விடவும் முடியாது.

அதைவிடப் பெரிய காரணம், இது என்ன நோய் என்று நமக்கு இன்னும் தெரியாது. வெள்ளையாகத் தெரிந்தாலே ஐக் என்று சொல்லிவிடுகிறோம். க்ளவுன் மீனில் வெள்ளையாகத் தெரியக்கூடியது குறைந்தது மூன்று இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு, கையில் இருக்கும் நேரமும் வேறு.

ஐக் என்றால் புள்ளிகளை எண்ண முடியும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, தோலிலிருந்து லேசாக மேடாக, அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும். மீனின் மேல் மூன்று முதல் ஏழு நாள் இருந்துவிட்டு ஒட்டுண்ணி தானாகவே கழன்று மணலில் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். மீன் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். பிறகு கூடு உடைந்து நூற்றுக்கணக்கில் திரும்பி வரும். ரீஃப்பிரியன் கோபித்துக்கொள்ளக் கூடாது: பூண்டு கொடுத்தேன், குணமாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் எழுதுகிறார்கள். இறால் விஷயமும் அப்படித்தான். அந்த ஒட்டுண்ணி மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், இறாலின் கைக்கு எட்டாது. 30 டிகிரியில் அதன் வாழ்க்கைச் சுற்று வேகமாகும், அவ்வளவுதான். தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். செவுள் கெட்டுப்போன மீனுக்கு நாம் செய்யக் கூடாத முதல் காரியம் அது.

இரண்டாவது வெல்வெட், இதுவும் ஒட்டுண்ணி நோய்தான். இதில் புள்ளிகளை எண்ண முடியாது. மாவைச் சலித்துத் தூவிய மாதிரி, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். செவுளில்தான் முதலில் குடியேறும், அதனால் உடம்பில் எதுவும் தெரிவதற்கு முன்பே மீன் மூச்சுத் திணறும், வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும், நீரோட்டத்துக்கு எதிராகப் போய் நிற்கும். உங்கள் மீன் பவர்ஹெட் வாயில் நிற்கிறது என்பதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த பயம் அதுதான்.

மூன்றாவது ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. க்ளவுன் மீனில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அதுவும் புதிதாக வந்த மீன் என்றால். இதில் புள்ளியே இருக்காது. மீனின் வழவழப்புப் பூச்சு அளவுக்கு மீறிச் சுரந்து, கெட்டியாகி, தோலோடு சேர்ந்து உரிந்து வரும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அறை விளக்கையும் டேங்க் விளக்கையும் அணையுங்கள். டார்ச்சை முன்னால் இருந்து அடிக்காமல் கண்ணாடியின் பக்கவாட்டில் வைத்து, மீனின் மேல் சாய்வாக வெளிச்சம் விழும்படி பாருங்கள். புள்ளியா, தூளா, படலமா? எங்கே தொடங்கியிருக்கிறது, தலையிலா, துடுப்பிலா? ஏதாவது உரிந்து தொங்குகிறதா? அப்புறம் செவுள் மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் அது சாதாரண மூச்சு இல்லை. கிராமாவையும் கோபியையும் அதே மாதிரி பார்த்துவிட்டு எழுதுங்கள். விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


அலைநுரை எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா. புள்ளி ஒன்றுகூட இல்லை. மூக்கு நுனியிலிருந்து முதல் வெள்ளைப் பட்டை வரைக்கும் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு படலம். கண்ணுக்கு மேலே ஒரு இடத்தில் அந்தப் படலம் கிழிந்து, அடியில் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரிகிறது. வால் பக்கம் நூல் மாதிரி ஒன்று தோலிலிருந்து கழன்று தொங்குகிறது. பவர்ஹெட் தண்ணீரில் அது ஆடுகிறது, ஆனால் அறுந்து விழவில்லை. டார்ச் அடிக்காமல் பார்த்தபோது இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

மூச்சு 15 விநாடிக்கு 33. சின்னதுக்கு 24, அதன் நெற்றியிலும் லேசாக மங்கல். கிராமா, கோபி இரண்டும் தெளிவாக இருக்கின்றன, மூச்சும் நிதானம்.


உப்புக்காற்று எழுதியது:

இது ப்ரூக்லினெல்லா மாதிரிதான் இருக்கிறது. பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் க்ளவுன், புதுசு, தலையில் தொடங்கிய படலம், உரிகிற வழவழப்பு, நிமிடத்துக்கு 130-க்கு மேல் மூச்சு என்று எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகிறது. காப்பர் இதற்கு வேலை செய்யாது. உப்பை 1.009-க்கு இறக்கும் வைத்தியமும் ஐக்குக்குத்தான், இதற்கு இல்லை. நேரமும் ரொம்பக் கம்மி. படலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடும் மீன்கள் உண்டு.

இதற்குக் கேட்கிற மருந்து ஃபார்மலின். ராத்திரி கிடைக்காது என்றால் அதுவரைக்கும் நன்னீர்க் குளியல் கொடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டு பி.எச்.ஐ உங்கள் டேங்க் அளவுக்கு ஏற்றி, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போயிருக்க வேண்டும். அதில் ஐந்து நிமிடம். முதல் நிமிடம் மீன் துள்ளும், அல்லது ஒருக்களித்துப் படுத்துவிடும். பதறி வெளியே எடுத்துவிடாதீர்கள். செவுள் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள், அது நின்றால் எடுங்கள். இது நோயைத் தீர்க்காது. செவுளில் அடைத்திருப்பது கொஞ்சம் கழுவிப்போகும், மீன் காலை வரைக்கும் தாக்குப்பிடிக்கும்.

குளித்து வந்த மீன் திரும்ப மெயின் டேங்குக்குப் போகக் கூடாது. தனித் தொட்டி ஒன்று: 40 லிட்டர் போதும், பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ. மணல் வேண்டாம், ராக் வேண்டாம். தண்ணீர் புதிதாக உப்புக் கலக்கியது, அதே 1.025. நல்ல பாக்டீரியா வேண்டுமே என்று மெயின் டேங்கிலிருந்து தண்ணீரையோ ஃபில்டர் பஞ்சையோ கொண்டுவரத் தோன்றும். கொண்டுவந்தால் ஒட்டுண்ணியும் கூடவே வரும். அதனால் அம்மோனியா ஏறத்தான் செய்யும். தினமும் டெஸ்ட் பண்ணி, பாதித் தண்ணீர் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

இனி ஃபார்மலின். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேண்டியது 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். ஆய்வகத்தில் மாதிரிகளைப் போட்டு வைக்கும் 10 சதவீத பஃபர்டு ஃபார்மலின் வேறு. அதில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம்தான் இருக்கும், வேறு உப்புகளும் சேர்ந்திருக்கும், கீழே சொல்லும் கணக்கு அதற்கு ஒத்துவராது. பாட்டில் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்கு இன்னும் கொடிய விஷம்.

உங்களுக்கும் இது விஷம்தான். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் வேலை முடிந்ததும் பாட்டில் பூட்டுக்குள் போக வேண்டும்.

அளவு: 10 லிட்டர் புதுக் கடல்நீருக்கு 1.5 மி.லி., அதாவது 150 பி.பி.எம். இதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு, ஆனால் தண்ணீர் சூடாக இருக்க இருக்க ஃபார்மலினின் கடுமையும் கூடும். 26 டிகிரியில் இந்த அளவே போதும் என்பது என் கட்சி. ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து எடுங்கள், மூடியால் ஊற்றி அளக்காதீர்கள். ஃபார்மலின் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் குறைக்கும், அதனால் ஏர் ஸ்டோன் பலமாக ஓட வேண்டும், மீனைப் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே ஓட வேண்டும். 45 நிமிடம், எக்காரணம் கொண்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்திலேயே உட்காருங்கள். மீன் கவிழ்ந்தாலோ மேலே வந்து வாயைப் பிளந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு மீன் போக வேண்டியது சுத்தமான இன்னொரு தொட்டிக்கு. முன்பு இருந்த தொட்டியைக் கழுவி, துளி ஈரமில்லாமல் காயவைத்து அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தண்ணீரிலேயே விட்டால் அதில் நீந்திக்கொண்டிருப்பது மறுபடி ஏறிக்கொள்ளும். சின்னதுக்கும் சேர்த்தே செய்யுங்கள், அதற்கும் தொடங்கிவிட்டது.


கண்ணாடிச்சில்லு எழுதியது:

உப்புக்காற்று சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து ஒன்றே ஒன்று. ஃபார்மலின் கொடுங்கள், சரி. ஆனால் வெல்வெட் இல்லை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இரண்டும் ஒரே மீனில் சேர்ந்தே இருப்பதுண்டு. வெல்வெட் இருந்தால் ஃபார்மலின் குளியல் மட்டும் போதாது, காப்பர் கட்டாயம் தேவைப்படும். யூகத்தில் ஓடுவதைவிடப் பார்த்துவிடலாம், பார்ப்பதும் பெரிய வேலை இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண நுண்ணோக்கி போதும், 100 மடங்கு தெரிந்தால் சரி. குளியலுக்கு மீனைப் பிடிக்கும்போதே செய்துவிடலாம். ஈரமான கையுறையோடு மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப்பின் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி) ஓரத்தால் தலையிலிருந்து வால் பக்கமாக, செதில் போகும் திசையில் ஒரே ஒரு இழுப்பு. தூக்கிப்பிடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. எடுத்த வழவழப்பை ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு டேங்க் தண்ணீர் விடுங்கள். நன்னீர் விட்டால் பார்க்க வேண்டியதே வெடித்துப்போகும். உடனே பார்க்க வேண்டும், ஆற வைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ப்ரூக்லினெல்லா என்றால் ஒரு பக்கம் லேசாகக் குழிந்த, இதயம் அல்லது சிறுநீரக வடிவத்தில் ஓர் உயிரி, 80 மைக்ரானுக்குள் இருக்கும். ஸ்லைடில் வழுக்கிக்கொண்டே ஓடும், திரும்பும், ஓர் இடத்தில் நிற்காது. வெல்வெட் என்றால் பழுப்பாக, உருண்டையாகவோ பேரிக்காய் வடிவிலோ இருக்கும், அசையாது. ஐக் இரண்டையும்விடப் பெரிது, சுற்றிலும் மயிரிழை, இருந்த இடத்திலேயே மெதுவாக உருளும். ப்ரூக்லினெல்லாவை 1970-ல் லோம், நிக்ரெல்லி என்ற இருவர் முதலில் விவரித்ததும் இப்படி மீனின் தோலையும் செவுளையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான். ஒருமுறை ஓடுவதைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

காப்பர் கொடுக்கும் நிலை வந்தால் தனித் தொட்டியில் மட்டும். ஃபார்மலின் குளியல்கள் முடிந்த பிறகு, இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல். அம்மோனியாவைக் கட்டுப்படுத்த விற்கும் கண்டிஷனர்களைக் காப்பரோடு சேர்த்து ஊற்றாதீர்கள். அவற்றில் சில காப்பரை இன்னும் நச்சுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடும்.


உப்புக்காற்று எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஸ்லைடில் பார்ப்பதற்கு இணை எதுவுமில்லை. நான் சொல்வது வரிசை மட்டும்தான்: நுண்ணோக்கி நாளைக்குத்தான் கிடைக்கும் என்றால் அதற்காக இன்றைய குளியலைத் தள்ளிப்போட வேண்டாம்.


அலைநுரை எழுதியது:

இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அன்று ராத்திரி இரண்டுக்கும் நன்னீர்க் குளியல் கொடுத்தேன். பெரியது ஒருக்களித்துப் படுத்ததும் கை தானாக வலைக்குப் போனது. செவுளைப் பார் என்று நீங்கள் எழுதியிருந்ததால் நிறுத்திக்கொண்டேன். காலையில் ஃபார்மலின் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நுண்ணோக்கியும் கிடைத்தது. ஸ்லைடில் நாலைந்து ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு பக்கம் குழிந்த வடிவம், அப்படியே நீங்கள் சொன்னது. பழுப்பு உருண்டை எதுவும் கண்ணில் படவில்லை. அந்தப் பெண் என்னைவிட அதிக நேரம் பார்த்தாள், அவளுக்கும் படவில்லை.

பெரிய க்ளவுன் முதல் குளியலைத் தாங்கியது, ஆனால் இரண்டாவதற்கு முன்பே இறந்துவிட்டது. செவுள் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்று நினைக்கிறேன். சின்னதுக்கு மூன்று குளியலும் முடிந்தது. படலம் இல்லை, மூச்சு 80-க்கு இறங்கிவிட்டது. நேற்று மைசிஸ் இறாலைத் துப்பாமல் விழுங்கியது. தோலில் ஓரிரு இடம் மட்டும் வெளிறி இருக்கிறது.

இப்போது கேள்வி மெயின் டேங்க் பற்றி. கிராமா, கோபி இரண்டுக்கும் இன்றுவரை ஒன்றுமில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாமா? சின்னதை எப்போது திரும்ப விடலாம்?


உப்புக்காற்று எழுதியது:

பெரியது போனதுக்கு வருத்தம். 130-க்கு மேல் மூச்சு போன மீன் பிழைப்பது கஷ்டம்தான்.

சின்னதின் தோலில் வெளிறிய இடம் புதுத்தோல்தான், தானாகவே நிறம் வரும். சிவந்தாலோ புண்ணாகிக் குழிந்தாலோ மட்டும் பாக்டீரியா என்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் ஆன்டிபயாடிக் எதையும் தேடிப் போகாதீர்கள். சுத்தமான தண்ணீரும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியும் போதும்.

கிராமாவையும் கோபியையும் வெளியே எடுத்தாக வேண்டும். நோய் தெரியாமலேயே கொஞ்சம் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு இருக்கலாம், அவை உள்ளே இருக்கும்வரை டேங்க் காலி ஆகாது. எடுத்துத் தனியாக வைத்துக் கவனியுங்கள், அறிகுறி இல்லாமல் மருந்து வேண்டாம். இறால், நத்தை, ஜோவாந்திட் எல்லாம் அங்கேயே இருக்கட்டும், இந்த ஒட்டுண்ணி அவற்றில் வாழாது. இறாலுக்குத் தீனி போட மறக்காதீர்கள். நத்தைகளுக்கும் ராக்கில் வாழும் பாக்டீரியாவுக்கும் அதிலிருந்து கொஞ்சம் கிடைக்கும்.

எத்தனை நாள் என்றால், ப்ரூக்லினெல்லாவுக்குக் கூடு கட்டும் பருவம் இருப்பதாகத் தெரியவில்லை. மீனில்லாமல் ஆறு வாரம் விட்டால் போதும் என்றுதான் பெரும்பாலோர் போகிறார்கள். ஐக் கூடவே வந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் 76 நாள். ஐக்கின் கூடு 72 நாள் வரைக்கும் தாங்கிப் பிறகு உடைந்ததாகப் பதிவு இருக்கிறது, அதனால்தான் அந்தக் கணக்கு. உங்கள் ஸ்லைடில் ஐக் இல்லை, ஆனால் ஒரு ஸ்லைடை வைத்து முழு டேங்குக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் என்றால் 76 நாள் காத்திருப்பேன். அவசரம் உங்களுக்குத்தான், சின்ன க்ளவுனுக்கு இல்லை.

அந்த நாட்களில் இரண்டு இடத்துக்கும் ஒரே வலை, ஒரே கைத்துணி கூடாது. ஏர் ஸ்டோன் தெறிக்கும் துளியிலேயே கிருமி பரவும், அதனால் தனித் தொட்டி மெயின் டேங்க் பக்கத்தில் இருக்கவும் கூடாது. முடிந்தால் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள்.

கோபியைப் பிடிக்கத்தான் பாடு. ராக்கை எல்லாம் கலைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, திருப்பி உள்ளே செருகி, அடியில் கொஞ்சம் மைசிஸ் போட்டு அதன் வளைக்கு முன்னால் படுக்கவையுங்கள். ஒரு நாள் பட்டினி போட்டுவிட்டு வைத்தால் சீக்கிரம் ஏறும்.


அலைநுரை எழுதியது:

கிராமா அரை மணி நேரத்தில் பாட்டிலுக்குள் போய்விட்டது. கோபி வளையிலிருந்து தலையை நீட்டிப் பாட்டிலைப் பார்க்கிறது, மைசிஸையும் பார்க்கிறது, உள்ளேதான் போக மாட்டேன் என்கிறது. பாட்டிலை இன்று ராத்திரி அப்படியே விட்டுவைக்கலாமா, இல்லை மீன் மூச்சு முட்டிப்போகுமா?


உப்புக்காற்று எழுதியது:

ராத்திரி வைக்காதீர்கள். எடுத்துவிட்டுக் காலையில் விளக்குப் போடும் நேரத்தில் திரும்ப வையுங்கள். பாட்டிலின் பக்கங்களில் சூடான கம்பியால் நாலு ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே ஓடும், மைசிஸ் வாசமும் வெளியே வரும்.